பறித்த பிறகு பழுக்காத பழம்

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. மலேசியாவில் லுமுட் துறையில் படகைக் கட்டிவிட்டு நீயும் மாப்பிள்ளையும் கேமரன் மலைக்குப் போய் ஸ்ட்ராபெரித் தோட்டம் பார்க்கப் போவதாகச் சொன்னாய். மூன்று கிலோவாவது பறித்து வந்து படகில் வைத்துச் சாப்பிடப் போவதாகவும் சொன்னாய். கேட்கவே ஆசையாக இருந்தது. போய் வாருங்கள். போகும்முன் இந்தக் கடிதத்தை நீ ஒருமுறையும் மாப்பிள்ளை ஒருமுறையும் முழுக்கப் படித்துவிடுங்கள். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும்.

முதலில் ஒரே ஒரு விஷயம். இது மனதில் நின்றால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். பண்ருட்டிப் பலாவைக் காயாக இறக்கிச் சாக்குப் போட்டு வைத்தால் நாலு நாளில் பழுத்து வீடெல்லாம் மணக்கும். மாங்காயும் வாழையும் அப்படித்தான். ஸ்ட்ராபெரி அப்படிப் பழுக்காது. காம்பைக் கிள்ளும்போது அதில் எவ்வளவு இனிப்பு இருந்ததோ அவ்வளவுதான். தோள் வெளுத்திருந்த பழம் மறுநாள் சிவந்து தெரியும். நிறம் ஏறும், இனிப்பு ஏறாது. பறித்த பிறகு நடப்பதெல்லாம் இறக்கம்தான். அந்த இறக்கத்தை மெதுவாக்குவது மட்டுமே நம் கையில் இருக்கிறது. அதனால் பயணத்தைப் படகிலிருந்து பின்னோக்கி யோசி. ஐஸ் எங்கே வாங்குவது, பெட்டி எது, எத்தனை மணிக்குப் பறித்தால் எத்தனை மணிக்குப் படகின் குளிர்பெட்டிக்குள் போகும் என்று முடிவு செய்துவிட்டு அதற்கப்புறம் கார் பேசு.

படகை விட்டு ஒரு ராத்திரி வெளியே தங்க வேண்டியிருக்கும். நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். மலாக்கா நீரிணையில் தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் விடியலுக்கு முன் மேற்கேயிருந்து திடீர்ப் புயல்காற்று அடிக்கும். அதற்கே ‘சுமத்திரா’ என்று பேர். ஆளில்லாத படகு நங்கூரத்தை இழுத்துக்கொண்டு போனால் பக்கத்துப் படகுக்கும் சேதம். மரீனாவில், அதாவது படகுகளைக் கட்டிவைக்கிற காவலுள்ள துறையில், கட்டுங்கள். கட்டுக்கயிறு ஒவ்வொன்றும் இரட்டையாக இருக்கட்டும். கயிறு உரசுகிற இடத்தில் பழைய ஹோஸ் குழாயை ஒரு முழம் வெட்டிச் சொருகி விடுங்கள். கடல் நீர் உள்ளே வருகிற வால்வு எல்லாவற்றையும் மூடி, படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கிற பில்ஜ் பம்ப் தானாக ஓடும் நிலையில் இருக்கிறதா என்று ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கேஸ் சிலிண்டரை அதன் தலையிலேயே மூடுங்கள். குளிர்பெட்டியை மட்டும் அணைக்காதீர்கள். திரும்பி வரும்போது அது குளிர்ந்து தயாராக இருக்க வேண்டும். மரீனா அலுவலகத்தில் உங்கள் போன் நம்பரும், எப்போது திரும்புவீர்கள் என்பதும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

எந்த நாள் போவது என்பதில் கவனம் வை. சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை வேண்டவே வேண்டாம். மலைமேல் பிரிஞ்சாங், கீ ஃபார்ம் ஊர்ப்பக்கம் ஒற்றை ரோட்டில் கார்கள் நகராமல் நிற்கும். அதைவிடப் பெரிய காரணம் பழம். வார இறுதியில் வந்த கூட்டம் சிவந்ததையெல்லாம் பறித்துப் போயிருக்கும், திங்கள், செவ்வாயில் செடியில் வெள்ளைக்காய்தான் மிஞ்சும். அடுத்த பழம் சிவக்க மூன்று நாலு நாளாவது வேண்டும். புதன் மதியம் மேலே போய்ச் சேர்ந்து, ராத்திரி தங்கி, வியாழன் காலையில் பறிப்பதுதான் சரி. மூன்று நாளாக விடாமல் மழை என்றால் பயணத்தையே தள்ளிப் போடுங்கள். மலைப்பாதையில் மண் சரியும். பழத்திலும் பூஞ்சணம் பிடித்திருக்கும்.

வழி இரண்டு. தாப்பாவிலிருந்து ஏறும் பழைய பாதை முழுக்க வளைவு. ஈப்போவுக்குத் தெற்கே சிம்பாங் பூலாயிலிருந்து ஏறுவது அகலமான பாதை, லுமுட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இதுவே வசதி. நிறுத்தங்களோடு நாலு மணி நேரம் வைத்துக்கொள். பல நாள் கடலில் ஆடியவர்களுக்குத் தரையே ஆடுவது போலிருக்கும், அதோடு மலை வளைவும் சேர்ந்தால் வாந்தி வரும். கரைக்கு வந்த அன்றைக்கே மலையேறாதே. ஒரு ராத்திரி மரீனாவிலேயே தூங்கி எழு. காலையில் இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிடாமல், முன் சீட்டில் உட்கார்ந்து, ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொள்.

ஏன் அவ்வளவு உயரம் போக வேண்டியிருக்கிறது என்று மாப்பிள்ளை கேட்டாராமே. சொல்கிறேன். கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். லுமுட்டில் மதியம் 32 டிகிரி என்றால், 1,500 மீட்டரை ஒட்டியிருக்கிற பிரிஞ்சாங்கில் 22, 23. ராத்திரி 15, 16 வரைக்கும் இறங்கும். இந்த ராத்திரிக் குளிர்தான் முக்கியம். செடி பகலில் வெயிலில் சர்க்கரை சேர்க்கிறது. ராத்திரி மூச்சுவிட்டு அதில் ஒரு பங்கைச் செலவழிக்கிறது. ராத்திரி சூடாக இருந்தால் செலவு கூடும், பழத்துக்குப் போகும் பங்கு குறையும். நம் கடலூரில் மே மாத ராத்திரியில் ஸ்ட்ராபெரியை வைத்தால் இலை விடும், கொடி விடும், பூ மட்டும் வைக்காது. வைத்த ஒன்றிரண்டும் சின்னதாக, புளித்துப் போய் வரும். போதாததற்கு நம் கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு. உப்பு தாங்காத பயிர்களில் ஸ்ட்ராபெரி முன்வரிசை. இலை ஓரம் கருகினால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

குளிர்நாடுகளில் பகல் நீளம் மாற மாறப் பூ வருவதும் நிற்பதும் உண்டு, அதனால் அங்கே பழத்துக்கு ஒரு பருவம் இருக்கிறது. மகாராஷ்டிரத்து மகாபலேஸ்வர் மலையிலும் பருவம் உண்டு. குளிர்காலத்தில்தான் பழம், திருப்பாதிரிப்புலியூர் பழக்கடைக்கு அந்தச் சின்ன பிளாஸ்டிக் டப்பா வருவது அப்போதுதான். கேமரன் மலை நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். பகல் வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டியே இருக்கும், குளிரும் மாறாது. அதனால் ஒரே செடியில் பூ, பச்சைக்காய், வெள்ளைக்காய், சிவந்த பழம் எல்லாம் ஒன்றாகத் தொங்கும். பார்க்க அழகு. பறிக்கிறவர்களுக்கு இதனால் ஒரு கஷ்டமும் உண்டு. ஒரு நாளில் ஒரு செடியில் இரண்டு மூன்று பழம்தான் பறிக்கும் பதத்தில் இருக்கும். பழம் ஒன்று 15 கிராம் என்றால் மூன்று கிலோவுக்கு 200 பழம் வேண்டும். எண்பது, நூறு செடியைக் கடந்தால்தான் அவ்வளவு சேரும். இரண்டு பேருக்கு ஒரு மணி நேர வேலை என்று நினைத்துக்கொண்டு போ.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் பையை நிரப்ப ஓடாதே. ஒரு செடியின் முன்னால் குனிந்து நின்று பார். மண்ணில் வளர்ந்திருக்காது. இடுப்பு உயரத்தில் மேடை கட்டி, பாலித்தீன் கூரைக்கடியில், பையிலோ தொட்டியிலோ தென்னைநார்த் தூள் நிரப்பி வைத்திருப்பார்கள். நம் ஊர் தேங்காய் மட்டையிலிருந்து எடுக்கிறோமே, அதே தூள்தான். அதை நன்றாகக் கழுவி உப்பை நீக்காமல் நட்டால் வேர் பழுப்பாகிவிடும். ஒவ்வொரு பைக்கும் சொட்டுநீர்க் குழாய் போயிருக்கும். தண்ணீரும் உரமும் ஒன்றாகவே வரும். கரைசலின் அமிலத்தன்மை (pH அளவு) 5.5 முதல் 6.2க்குள் இருக்க வேண்டும். கூரை வெயிலுக்காகப் போட்டதில்லை, மழைக்காகப் போட்டது. நனைந்த பூவிலும் பழத்திலும் சாம்பல் பூஞ்சணம் ஒரே ராத்திரியில் பிடிக்கும். ஆனால் கூரை போட்டால் வேறொரு தொல்லை வரும். மழை கழுவாத இலையடியில் சிவப்புச் சிலந்திப் பேன் பெருகும். இலையைத் திருப்பிப் பார், மெல்லிய நூலாம்படையும் தூசு மாதிரி நகரும் புள்ளியும் தெரிந்தால் அதுதான்.

செடியின் நடுவில் இலைகள் கிளம்புகிற கட்டையான பாகத்தைக் கவனி. நடும்போது அது சரியாகத் தூளின் மட்டத்தில் நிற்க வேண்டும். ஒரு விரல் ஆழமாகப் புதைந்தால் குருத்து அழுகும், ஒரு விரல் மேலே நின்றால் வேர் காயும். ஸ்ட்ராபெரி நட்டுத் தோற்றவர்களில் பாதிப் பேர் தோற்றது இந்த ஒரு விரலில்தான். செடியிலிருந்து நீளமாக ஓடி நுனியில் குட்டிச்செடி வைக்கிற கொடிக்கு ஓடுதண்டு என்று பேர். பழத் தோட்டத்தில் அதை விட மாட்டார்கள், வெட்டிவிடுவார்கள். குட்டிக்குப் போகிற சத்து பழத்துக்குப் போகட்டும் என்று. பூ விரிந்து பழமாக ஏறக்குறைய நாலைந்து வாரம்.

இப்போது ஒரு பழத்தைக் கையில் எடு. இதை நீ அவசியம் பார்க்க வேண்டும். முந்திரிப் பழம் நினைவிருக்கிறதா? நாம் பழம் என்று கடிப்பது காம்பு வீங்கியது. உண்மையான பழம் அடியில் தொங்குகிற கொட்டைதான். ஸ்ட்ராபெரியும் அதே ஜாதி ஏமாற்றுக்காரி. சிவப்பாகச் சதையாக இருப்பது பூத்தளம், பூ உட்கார்ந்திருந்த மேடை. மேலே விதை மாதிரி ஒட்டியிருக்கிறதே மஞ்சள் புள்ளிகள், அவை ஒவ்வொன்றும் ஒரு தனிப் பழம். விதை அதற்குள் இருக்கிறது. ஒரு பெரிய பழத்தில் இருநூறு வரைகூட இருக்கும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றுக்கும் மகரந்தம் சேர வேண்டும். சேர்ந்த புள்ளி தன்னைச் சுற்றியிருக்கும் சதையை வீங்கச் சொல்கிறது. சேராத இடத்தில் சதை வீங்காது. ஒருபக்கம் சப்பையாக, மடிந்து, குரங்கு மூஞ்சி மாதிரி இருக்கும் பழத்தை எடுத்துப் பார்த்தால், சப்பையான இடத்தில் புள்ளிகள் பொடிப்பொடியாக நெருங்கிக் கிடக்கும். கூரைக்கடியில் தேனீ வரத்துக் குறைந்தால் இப்படித்தான் ஆகும். அந்தப் பழத்தில் நோய் எதுவும் இல்லை, ருசியும் குறைவில்லை. ஜாமுக்கு அவற்றையே கேட்டு வாங்கு. விலை குறைத்துத் தருவார்கள்.

பறிக்கும் முன் இரண்டு கேள்வி கேள். நாமே பறிக்கலாமா, கிலோ கணக்கா கூடைக் கணக்கா என்பது ஒன்று. எல்லாத் தோட்டத்திலும் பறிக்க விடமாட்டார்கள், சிலவற்றில் பார்க்க மட்டும்தான். கடைசியாக என்றைக்கு மருந்தடித்தீர்கள், அதற்குப் பிறகு எத்தனை நாள் பறிக்கக்கூடாது என்பது இன்னொன்று. இதைக் கூச்சப்படாமல் கேள். தமிழிலேயே கேட்கலாம். 1885-ல் நில அளவைக்கு வந்த வில்லியம் கேமரன் பேரில் மலைக்குப் பேர் வந்தது என்றாலும், 1929-ல் ரசல் என்பவர் தொடங்கிய ‘போ’ (BOH) தேயிலைத் தோட்டத்திலும் மற்றத் தோட்டங்களிலும் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களில் நம் ஜனம் நிறைய. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே கடை வைத்திருக்கிறார்கள், கார் ஓட்டுகிறார்கள். “அண்ணே, மருந்தடிச்சு எத்தனை நாளாச்சு?” என்றால் பதில் வரும். பதில் சரியாக வராத தோட்டத்தில் செடியிலிருந்து நேராக வாயில் போடாதே.

பறிக்கும் விதத்துக்கு வருகிறேன். காலை எட்டு, ஒன்பது மணிக்குள் பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் கூரைக்கடியில் பழத்துக்குள்ளேயே சூடு ஏறும், அந்தச் சூட்டை அப்புறம் ஐஸ்தான் இறக்க வேண்டும். பனி ஈரம் பழத்தில் இருந்தால் காயும்வரை பொறு. ஈரப் பழம் பெட்டிக்குள் போகக்கூடாது. பழத்தைப் பிடித்து இழுக்காதே. இரண்டு விரலுக்கு நடுவில் காம்பைப் பிடித்து, பழத்தின் தலையிலிருக்கும் பச்சை இலைக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் விட்டு, கட்டைவிரல் நகத்தால் கிள்ளு. சின்னக் கத்தரிக்கோல் இருந்தால் இன்னும் நல்லது. பச்சைத் தொப்பி கழன்று வந்துவிட்டால் அந்தக் காயம் வழியாகச் சாறு கசியும், பூஞ்சணம் நுழையும். அப்படிக் கழன்றதை அங்கேயே கழுவிச் சாப்பிட்டுவிடுங்கள். எது பதம் என்றால், தொப்பிக்கடியில் இருக்கும் தோள்வரைக்கும் சிவந்து, பளபளப்பு இருக்க வேண்டும். நுனி சிவந்து தோள் வெளுத்ததை விட்டுவிடு. சிவப்பு மங்கிக் கருத்ததும் வேண்டாம், அது படகு வரைக்கும் தாங்காது. அழுத்திப் பார்க்கும் பழக்கம் அறவே கூடாது. மாம்பழத்தை அழுத்துவது மாதிரி அழுத்தினால் விரல் பட்ட இடம் அன்று சாயங்காலமே தண்ணீர் விட்டுவிடும். ஒரு காம்புக் கொத்தில் முதல் பூவின் பழம்தான் பெரிது, பின்னால் வருவது வரவரச் சிறிது. பெரிசைப் பார்த்து ஆசைப்படாதே. நடுத்தரமானது அடிபடாமல் பயணம் தாங்கும்.

ஆழமான வாளியில் போடவே கூடாது. மூன்று அடுக்குக்கு மேல் போனால் அடியில் இருப்பது நசுங்கும். ஒரு நசுங்கிய பழத்தின் சாறு மற்ற பத்தையும் கெடுக்கும். கையடக்க ஆழமுள்ள பிளாஸ்டிக் டப்பா, மூடியில் ஓட்டையோடு, ஆறு ஏழு எடுத்துப் போ. அடியில் மெல்லிய துணி விரித்து, பழத்தைத் தொப்பி கீழே இருக்கும்படி அடுக்கு. தோட்டத்தில் கழுவாதே. கழுவுவது சாப்பிடும் நேரத்தில் மட்டும்.

இனி குளிர். நம் துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் போடுவதைச் சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாய். ஒரு வரிசை ஐஸ் பொடி, ஒரு வரிசை மீன், உருகிய தண்ணீர் மீனை நனைத்துக்கொண்டே இறங்கும். மீனுக்கு அதுதான் நல்லது. அந்தக் கைப்பழக்கத்தில் ஸ்ட்ராபெரிக்கும் செய்துவிடாதே. ஐஸ் தண்ணீர் பட்ட பழம் மறுநாள் கொழகொழத்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை உறைய வைத்து எடுத்துப் போ. கிலோ பழத்துக்கு ஒரு பாட்டில், வழிக்கென்று ஒன்று கூடுதல். ஆக மூன்று கிலோவுக்கு நாலு பாட்டில். படகின் குளிர்பெட்டியில் உறையாது என்றால் மரீனா உணவகத்தில் முதல் நாளே கேட்டு உறைய வை. ராத்திரி தங்கும் விடுதியிலும் அதைத் திரும்ப உறைபெட்டியில் வைக்கச் சொல்ல வேண்டும். மறந்தால் காலையில் கையில் இருப்பது வெறும் தண்ணீர். பாட்டிலுக்கும் பழ டப்பாவுக்கும் நடுவில் இரண்டு மடிப்பு நியூஸ்பேப்பர் வை. உறைபெட்டியிலிருந்து வந்த ஐஸ் நேராகப் பட்டால் அந்தப் பக்கத்துப் பழம் உறைந்து, உருகும்போது கூழாகிவிடும்.

பெட்டியைக் கார் டிக்கியில் வைக்காதே. பஸ்ஸில் போனால் அடியில் இருக்கும் சாமான் அறையிலும் வேண்டாம், அங்கே அடுப்புச் சூடு. காலடியில் வைத்துக்கொள். ஒன்று சொல்ல மறந்தேன்: மலைமேல் காற்றழுத்தம் குறைவு. அங்கே இறுக்கி மூடிய பெட்டி கீழே வந்ததும் மூடியை உள்ளே உறிஞ்சிக்கொண்டு திறக்க வராது. பாதி வழியில் ஒரு தடவை லேசாகத் திறந்து மூடு, சரியாகிவிடும்.

மலையடியில் தாமதிக்காதே. சூடு பத்து டிகிரி ஏறினால் பழம் மூச்சுவிடுவது இரண்டு, மூன்று மடங்காகும். பூஜ்யம் முதல் இரண்டு டிகிரிக்குள் வைத்தால் ஐந்தாறு நாள் நிற்கிற பழம், லுமுட் வெயிலில் ஒரு நாள்கூட நிற்காது. ஈப்போவில் சாப்பிட ஆசையிருந்தால் போகும்போது சாப்பிட்டுக்கொள்ளுங்கள்.

படகுக்கு வந்ததும் அட்டைப்பெட்டி எதையும் உள்ளே ஏற்றாதே. கடையில் அட்டைப்பெட்டியில் கொடுத்திருந்தால் துறையிலேயே பிரித்து, பழத்தை உன் டப்பாவுக்கு மாற்றிவிட்டு அட்டையைக் கரையில் விட்டுவிடு. அட்டையின் மடிப்பில் கரப்பான் முட்டை இருக்கும். ஒருமுறை படகில் ஏறிய கரப்பானை இறக்குவது பெரும்பாடு. பிறகு பழத்தை ஒரு தட்டில் பரப்பி மூன்றாகப் பிரி. அடிபட்டது, சாறு கசிவது இன்றைக்கே. திடமானது, முழுத்தொப்பியோடு இருப்பது குளிர்பெட்டிக்கு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஜாமுக்கு.

குளிர்பெட்டியில் ஒரு டப்பாவுக்குள் துணி, அதன்மேல் பழம், மூடியைச் சற்றுத் திறந்தாற்போல். ஐஸ் வைக்கிற பெட்டி என்றால் மேல்தட்டில் வை, அடியில் தண்ணீர் நிற்கும். சாப்பிடும்போது வேண்டியதை மட்டும் எடு. முழு டப்பாவையும் வெளியே எடுத்து மேசையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தால், கடற்காற்றின் ஈரம் குளிர்ந்த பழத்தின்மேல் வேர்த்து நிற்கும். அதைத் திரும்ப உள்ளே வைத்தால் மறுநாள் காலையில் பஞ்சு மாதிரி பூஞ்சணம். தினமும் ஒருமுறை பார்த்து, கெட்டதை எடுத்து எறி. இன்னும் இரண்டு நாள் கூட்ட வேண்டுமென்றால் ஒரு பங்கு வினிகர், மூன்று பங்கு தண்ணீர் கலந்து அதில் ஒரு நிமிஷம் முக்கி, நல்ல தண்ணீரில் அலசி, துணிமேல் பரப்பி நன்றாக உலர்த்தி வைக்கலாம். உலர்த்தப் பொறுமை இல்லையென்றால் அதைச் செய்யாமலே இருப்பது மேல். 100 கிராம் பழத்தில் ஏறக்குறைய 60 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. கடலில் பச்சைக் காய்கறி குறைகிற நாட்களுக்கு இது நல்லது. பழமாகச் சாப்பிட்டால்தான் அந்தப் பலன். ஜாமாகக் காய்ச்சினால் அதில் நிறையப் போய்விடும்.

ஜாம் காய்ச்சுவதைப் படகு கட்டியிருக்கும்போதே முடித்துவிடு. ஓடுகிற படகில் சர்க்கரைப் பாகு கொதிக்க விடவே கூடாது. அடுப்பு படகோடு சாயாமல் நேராக நிற்கிற வகைதான் என்றாலும், ஒரு பெரிய அலை போதும். பாகு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், தண்ணீர் மாதிரி வழிந்து போகாது. எனக்கு இந்த ஒரு விஷயத்தில் நீ வாக்குக் கொடுக்க வேண்டும்.

அளவு: தொப்பி கிள்ளிய பழம் 1 கிலோ, சர்க்கரை 750 கிராம், எலுமிச்சைச் சாறு நாலு மேசைக்கரண்டி. பழத்தைப் பாதியாக நறுக்கிச் சர்க்கரையில் புரட்டி, ராத்திரி மூடி வை. காலையில் அது தன் சாற்றிலேயே மிதக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டாம். குக்கரை மூடியில்லாமல் பாத்திரமாகப் பயன்படுத்து. ஜாம் பொங்கினால் மூன்று மடங்கு உயரும், உயரமான பாத்திரம் படகில் உனக்கு அதுதான் இருக்கும். முதலில் சிறு தீயில் சர்க்கரை முழுக்கக் கரையட்டும். கரையும்முன் தீயைக் கூட்டினால் அடிப்பிடிக்கும். பிறகு எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பெருந்தீயில் வை. ஸ்ட்ராபெரியில் இறுகவைக்கும் பெக்டின் குறைவு, புளிப்புச் சேர்ந்தால்தான் அது பிடிக்கும். எலுமிச்சையை விட்டுவிட்டு ‘இறுகவில்லையே’ என்று மேலும் மேலும் காய்ச்சினால் நிறம் கருத்து மிட்டாய்ப் பாகாகிவிடும். வெப்பமானி 105 டிகிரி காட்டினால் இறக்கு. இது கடல்மட்டத்துக் கணக்கு. மலைமேல் விடுதியில் காய்ச்சினால் நாலைந்து டிகிரி முன்னாலேயே பதம் வந்துவிடும், ஏனென்றால் அங்கே தண்ணீர் 95-லேயே கொதிக்கிறது. வெப்பமானி இல்லாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்த தட்டில் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கழித்து விரலால் தள்ளிப் பார். மேலே சுருக்கம் விழுந்தால் பதம்.

நுரையை எடுத்துவிட்டுப் பத்து நிமிஷம் ஆறவிடு. உடனே ஊற்றினால் பழமெல்லாம் மேலே மிதந்து அடியில் வெறும் பாகு நிற்கும். கண்ணாடி பாட்டில்களைப் பத்து நிமிஷம் கொதிநீரில் போட்டு எடுத்து, சூட்டோடு சூடாக நிரப்பி, மேலே அரை சென்டிமீட்டர் மட்டும் விட்டு மூடு. கிலோ பழத்துக்குக் கால்கிலோ பாட்டில் ஐந்து வரும். ஒவ்வொன்றையும் பழைய சாக்ஸுக்குள் போட்டு அலமாரியின் அடித்தட்டில் படுக்காமல் நிற்க வை. அலையில் ஒன்றோடொன்று மோதாது. திறந்த பாட்டில் குளிர்பெட்டிக்கு.

இனி நான் கேட்கப் போவது கடைசி விஷயம். தோட்டத்தில் தொட்டியோடு கன்று விற்பார்கள். அம்மாவுக்குச் செடி பிடிக்குமே என்று வாங்காதே. எதற்கென்று சொன்னால் உனக்கே புரியும். நாம் இன்று சாப்பிடும் இந்தப் பெரிய ஸ்ட்ராபெரியே கப்பலில் வந்த செடியால் பிறந்தது. 1712-ல் ஃப்ரேசியே என்ற பிரெஞ்சு ராணுவப் பொறியாளரைச் சிலிக் கரையில் ஸ்பானியக் கோட்டைகளை வேவு பார்க்க அனுப்பினார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டி இருந்த காலம் அது. அவர் அங்கே கோழிமுட்டை பருமனுக்குக் காய்த்த ஸ்ட்ராபெரியைப் பார்த்துச் செடிகளைக் கப்பலில் ஏற்றினார். ஆறு மாசப் பயணம். குடிதண்ணீருக்கே கணக்கு வைத்த கப்பலில் செடிக்கும் தண்ணீர் ஊற்றி, 1714-ல் மர்செய் துறையில் இறங்கும்போது ஐந்து செடிதான் உயிரோடு இருந்தது. தண்ணீர் கொடுத்த கப்பல் சரக்கு அதிகாரிக்கு அதில் இரண்டைக் கொடுத்தார். பெரிய பழமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்ததால் வந்தவை எல்லாம் பெண் செடி. பூத்தன, சரியாகக் காய்க்கவில்லை. பக்கத்தில் வட அமெரிக்காவின் வர்ஜீனியா ஸ்ட்ராபெரி வைத்த இடங்களில் அதன் மகரந்தம் சேர்ந்துதான் புதுக் கலப்பு உண்டானது. அது கலப்பு என்று 1766-ல் துஷேன் என்ற இளைஞர் எழுதி வைத்தார்.

அன்றைக்குத் தடுக்க யாருமில்லை. இன்றைக்கு ஒரு தொட்டி மண்ணில் நூற்புழுவும் பூஞ்சணமும் வேர்நோயும் எங்கிருந்து எங்கே போகும் என்று எல்லா நாட்டுக்கும் தெரியும். இந்தியாவுக்குள் செடி கொண்டுவர அனுமதிச் சீட்டும் நோயற்றது என்ற சான்றும் வேண்டும். மண்ணோடு விடவே மாட்டார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் போனால் படகில் மிஞ்சிய பழத்தைக்கூட எடுத்து அழித்துவிடுவார்கள். அடுத்த நாட்டுத் துறைக்கு முதல் நாளே புதுப்பழத்தைத் தின்று தீர்த்துவிடுங்கள், ஜாம் பாட்டிலையும் கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள். எனக்குச் செடி வேண்டாம். சப்பைப் பழம் ஒன்றைக் கிட்டத்தில், மஞ்சள் புள்ளிகள் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பு, போதும்.

மேலே போகும்போது முழுக்கைச் சட்டை, சாக்ஸ், வழுக்காத மூடின செருப்பு. மாப்பிள்ளைக்கு ராத்திரிக் குளிரில் காதடைக்கும். ஒரு மப்ளர் எடுத்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
அம்மா

பி.கு.: எலுமிச்சையைத் தேடி அலையாதே. அங்கே சந்தையில் லீமாவ் கஸ்தூரி என்று கோலிக்குண்டு மாதிரி சின்ன எலுமிச்சை கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு பிழிந்தால் நாலு மேசைக்கரண்டி சாறு வரும். கொட்டையை வடிகட்டிவிடு, ஜாமில் விழுந்தால் கசக்கும்.